காக்காப்பொன்னில் ஒரு ஊர்

ஸ்ரீரங்கத்தின் பழைய படங்களை வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியலில் தேடுகிறவர்கள் முதலில் ஸ்பெல்லிங்கை மறக்க வேண்டும். ‘செரிங்காம்’ என்று போட வேண்டும். திருச்சிக்கு ‘டிரிச்சினாபொலி’. இப்படித் தேடித்தான் நான் பல இரவுகளைத் தொலைத்திருக்கிறேன். வந்து விழுகிற படங்களில் பெரும்பகுதி நம்மவர்களுக்காக உண்டானவை இல்லை. கப்பலேறி வந்த சிப்பாயும் அதிகாரியும் ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு போனவை.

திருச்சி பட்டாளத்து ஊர். இன்றைக்கும் பஸ்ஸில் ‘கன்டோன்மென்ட்’ என்று டிக்கெட் கேட்கிறோம், அது ராணுவக் குடியிருப்பின் பெயர் என்ற நினைப்பே இல்லாமல். கர்நாடகப் போரில் இந்தக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டார்கள். 1752இல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கி, கோயில் மதில்களையே அரணாக்கிக்கொண்டு, கடைசியில் சரணடைந்தது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே வருவதும் போவதுமாக இருந்தது. பட்டாளம் இருந்தால் பின்னாலேயே கடை வரும். திருச்சி சுருட்டு அப்படித்தான் கப்பலேறியது. ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையிலேயே தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து ‘இது டிரிச்சினாபொலி’ என்று கண்டுபிடிக்கிறார்.

சுருட்டோடு போன இன்னொரு சரக்கு காக்காப்பொன் படம். மைக்காதான். நாமெல்லாம் சின்ன வயதில் மண்ணில் பொறுக்கி, ஏடு ஏடாக உரித்து விளையாடினோமே, அதே பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் அந்த மெல்லிய ஏட்டில் வண்ணம் தீட்டி, வண்ணான், தண்ணீர் சுமப்பவர், சமையல்காரர், பல்லக்குத் தூக்கி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு படமாகச் செட் செட்டாக விற்றார்கள். கண்ணாடி போல மினுங்கும், ஆனால் கண்ணாடியின் கனம் இல்லை. கடல் பயணத்துக்கு வசதி.

அதில் ஒரு வகை என்னை ரொம்பத் தொந்தரவு செய்கிறது. அடியில் ஒரு அட்டை, அதில் ஒரு முகம். கூடவே ஒளி ஊடுருவும் மைக்கா ஏடுகள், அவற்றில் முகமில்லாத உடைகள். ஏட்டைத் தூக்கி அட்டைமேல் வைத்தால் அந்த முகம் சேவகன் ஆகிறது. வேறு ஏட்டை வைத்தால் பண்டாரம், இன்னொன்றை வைத்தால் செல்வந்தர். லண்டன் வரவேற்பறையில் குழந்தைகள் இதை வைத்து விளையாடியிருப்பார்கள். விளையாட்டாக அருமைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் ஊர் ஜனங்களை வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு முகம் ஒன்றே போதும், உடையை மாற்றிக்கொண்டால் ஆச்சு என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. அதைச் செய்து கொடுத்ததும் நம் ஓவியர்கள்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எந்தச் சரக்கு போகும் என்று தெரிந்த வியாபாரிகள். அவர்கள் பெயரும் பட்டியலில் கிடையாது, ‘அறியப்படாத ஓவியர்’ என்றுதான் இருக்கும்.

அப்புறம் கேமரா வந்தது. அதைக் கொண்டுவந்தவரும் ஒரு பட்டாளத்துக்காரர்: கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதராஸ் ராணுவ அதிகாரி. 1856இல் மதராஸ் அரசாங்கம் அவரைப் போட்டோகிராபராக நியமித்தது. வடக்கே கிளர்ச்சி அடங்காத நேரத்தில், 1857 கடைசியிலும் 1858லும், இவர் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டிருந்தார். மெழுகு பூசிய காகித நெகடிவ். நம் வெயிலுக்கு அதுதான் தோது, முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். வானம் வெறிச்சோடி வந்துவிடும் என்பதால் மேகங்களை நெகடிவ்மேல் கையால் வரைந்து சேர்த்தார். மலைக்கோட்டைக்கு மேலே நிற்கும் மேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இன்று ஆப்பில் செய்வதைத்தான் அவர் அன்றே செய்திருக்கிறார்.

டிரைப்பின் படங்களில் ஆட்கள் கிட்டத்தட்ட இல்லை. தெப்பக்குளம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, ஊர் காலி. நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டிய லென்ஸ், நடமாடுபவர்களைப் பிடிக்காது. அது தொழில்நுட்பத்தின் குறை என்று ஒதுக்கிவிடலாம்தான். இருந்தாலும் காக்காப்பொன்னில் முகம் மாற்றத்தக்கதாக இருந்தது, இங்கே முகமே தேவைப்படவில்லை என்று தோன்றாமல் இல்லை. 1859இல் வந்த கவர்னர் டிரெவெல்யன் இந்த வேலை வீண் ஆடம்பரம் என்று கருதி அதை நிறுத்திவிட்டார். அதற்குப் பின் வியாபாரிகளின் காலம். சாமுவேல் போர்ன் 1869இல் திருச்சியைப் படமெடுத்தார். அவருடைய கம்பெனி எண்ணிட்ட பட்டியல் போட்டது. வேண்டிய எண்ணைச் சொல்லி வாங்கி, ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதனால் யாரோ ஒருவரின் ‘என் இந்தியா’ ஆல்பமும் இன்னொருவரின் ஆல்பமும் ஒரே மாதிரி இருக்கும்.

இந்த ஆல்பங்களில் காலத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: தெற்கு ராஜகோபுரம். அது நூற்றாண்டுகளாக அடிப்பகுதியோடு நின்றுபோய்க் கிடந்தது. 1987இல்தான் பதின்மூன்று நிலைகளோடு 236 அடிக்கு எழுந்தது. அதற்கு முந்தைய எந்தப் படத்திலும் மொட்டைதான். என் பாட்டி கோபுரம் கட்டி முடித்தபிறகும் கடைசிவரை, “மொட்டக் கோபுரத்துக்கிட்ட எறங்கிக்கோடா” என்றுதான் சொன்னாள். டிரைப் பார்த்த கோபுரத்தைத்தான் அவளும் கண்ணுக்குள் வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் இடையில் பொதுவாக இருந்தது அந்த மொட்டை ஒன்றுதான்.

இந்த வழக்கம் இரண்டாம் உலகப் போர்வரை போகிறது. மவுண்ட்பேட்டனின் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்த கிளைட் வாடெல் என்ற அமெரிக்கர், ஊர் திரும்பும் சிப்பாய்களுக்காக அறுபது படங்கள் கொண்ட கல்கத்தா ஆல்பம் ஒன்றைத் தயாரித்தார். படத்துக்கு ஒரு குறிப்பு. அதில் ஜனங்கள் நிறைய இருக்கிறார்கள், தெருவும் சந்தையும் பிணமெரிக்கும் துறையும் இருக்கின்றன. முகமும் அவரவருடையதுதான், அட்டையில் மாட்டியதல்ல. அந்த விதத்தில் அது டிரைப்பைவிட எனக்கு நெருக்கம். ஆனாலும் அதைப் புரட்டும்போது, கேமராவை நிமிர்ந்து பார்க்கும் ஒருவருக்காவது ஒரு பிரதி போய்ச் சேர்ந்திருக்குமா என்றுதான் மனசு கேட்கிறது.

காக்காப்பொன் செட்டில் அடி அட்டை தொலைந்துபோனால் மிச்சமிருப்பது உடைகள் மட்டும். தலைப்பாகை இருக்கும், அங்கவஸ்திரம் இருக்கும், நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் தெரியும்.