ஒரே சரிவில் பல வழிகள்: பழனி மலைத்தொடரை முன்வைத்து ஓர் ஆய்வு

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் ஏறுகிறவர்கள் செல்வது, லா என்ற ராணுவப் பொறியாளர் பெயரால் அறியப்படும் மலைச்சாலை. 1914-ல் வேலை முடிந்து 1916-ல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் பாதிரிமாரும் துரைமாரும் அவர்களைச் சுமந்தவர்களும் ஏறியது வேறு வழி. 1870-களில் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்குப் போவார்கள். அங்கிருந்து வெள்ளகவி ஊடாகச் செண்பகனூருக்கு ஏறும் குதிரைப்பாதை ஏறத்தாழ 11 மைல்.

இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தைத்தான் ஏறிக் கடக்கின்றன. மைல் கணக்கில் பார்த்தால் பழைய பாதையைப் போல மூன்று மடங்கு நீளம் மலைச்சாலை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் ஒரு சூத்திரம் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி குதிரைப்பாதையில் ஏறி முடிக்க ஆறரை மணி நேரம் ஆகும். மலைச்சாலையை நடந்தே ஏறினால் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல். பேருந்துக்கோ குதிரைப்பாதை வழியே கிடையாது. அதன் சராசரி ஏற்றம் நூற்றுக்குப் பத்து, வளைவுகளில் இன்னும் கூடும். மலைச்சாலையில் அது நூற்றுக்கு நான்கைத் தாண்டாது. ஆகவே ஒன்றைக் குறுக்குவழி என்றும் மற்றதைச் சுற்றுவழி என்றும் பொதுப்படச் சொல்ல இயலாது. யார் போகிறார்கள் என்று சொல்லாதவரை அந்தச் சொற்களுக்குப் பொருளில்லை.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: வழியை நிலத்தின் பண்பாக மட்டும் கொள்ள முடியாது. பயணிப்பது எது, எதிர்ப்பது எது என்ற இரண்டும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன. வெவ்வேறு அறிவியல் துறைகள் இதை வெவ்வேறு பெயர்களில் கண்டுகொண்டுள்ளன. நிர்வாகம் மட்டும் வழியை வரைபடத்தில் நிலைத்த ஒரு கோடாகவே பார்க்கிறது.

கணினித் துறையில் இது வெளிப்படை. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட வழிமுறை, ஒரு வலைப்பின்னலில் மொத்தச் செலவு மிகக் குறைந்த தடத்தைத் தவறாமல் கண்டுபிடித்துத் தரும். ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் உரிய செலவை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். செலவைப் பணமாகக் கொடுத்தால் ஒரு வழி வரும், மூச்சிரைப்பாகக் கொடுத்தால் இன்னொன்று வரும். நெடுங்காலம் வாகனச் சாலையே இல்லாமல் இருந்த வெள்ளகவியில், அரிசி மூட்டையைக் குதிரை முதுகிலும் நோயாளியை டோலியிலும் கொண்டுபோனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுமையைப் பார்த்துத்தான் அவர்கள் வழியைக் கணித்தார்கள்.

செலவைக் கூட்டிக் கழிக்கும் ஒருவர் இல்லாமலும் வழி உருவாகும் என்பதற்கு இதே மலையில் ஒரு சான்று உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கியது. அங்கே சூரியனோடு, பின்னாளில் தலைக்கு மேலிருக்கும் அயனி மண்டலத்தையும் ஆராய்ந்தார்கள். காந்த நிலநடுக்கோடு இவ்வூருக்கு அருகில் செல்வதே காரணம். 1963-ல் இந்தியா தன் முதல் ஏவூர்தியை விடத் தும்பாவைத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். பகலில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் குறுகிய பட்டையாகக் கிழக்கு நோக்கி ஓடுகிறது. இது பிற அட்சரேகைகளில் ஓடுவதைவிடப் பல மடங்கு வலுவானது. காந்தப்புலம் இங்கே தரைக்கு இணையாகக் கிடப்பதால், கிழக்கு நோக்கிய மின்புலம் எலெக்ட்ரான்களை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலும் கீழும் மின்கடத்தும் திறன் குறைந்த அடுக்குகள் இருப்பதால் அவை போக இடமின்றி மின்னூட்டமாகத் தேங்குகின்றன. அந்தத் தேக்கம் செங்குத்தான புதிய மின்புலத்தை எழுப்ப, அது கிழக்கோட்டத்தை மேலும் பெருக்குகிறது. செங்குத்து வழி அடைபட்டதே கிடைமட்ட வழி வலுத்ததற்குக் காரணம். தடையை வழியின் எதிர்ச்சொல்லாகவே எண்ணிப் பழகியவர்கள் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காந்த நிலநடுக்கோடும் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல இடம் மாறுவது. கீழே மலை அசையாமல் நிற்க, மேலே வழி நகர்ந்துகொண்டிருக்கிறது.

சூழலியலார் மின்சுற்றின் இந்த மொழியை நேரடியாகவே கடன் வாங்கிக்கொண்டார்கள். பிராட் மெக்ரேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008-ல் விளக்கிய முறையில் நிலப்பரப்பு ஒரு மின்தடைப் பரப்பு, விலங்கு அதில் ஓடும் மின்னோட்டம். ஒற்றைச் சிறந்த வழியைத் தேடாமல், எல்லா வழிகளிலும் ஓட்டம் எப்படிப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது என்று இது காட்டும். காப்பகங்களுக்கு இடையே எந்த இடுக்கு அடைபட்டால் எல்லாமே நின்றுபோகும் என்றும் காட்டும். பயனுள்ள கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐயம், தடை மதிப்புகளை யார் நிரப்புகிறார்கள் என்பதில்தான்.

கொடைக்கானல் கடைத்தெருவில் காட்டுமாடு நடப்பதை எடுத்துக்கொள்வோம். இந்த மலைத்தொடரில் 1973-க்கும் 2014-க்கும் இடையே சோலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக, செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு காட்டுகிறது. அந்த இடத்தைச் சீகை, பைன், யூகலிப்டஸ் தோப்புகளும் விவசாயமும் பிடித்துக்கொண்டன. வனத்துறை வரைபடத்தின் பச்சை வண்ணத்தில் இந்தத் தோப்புகள் காடு, எனவே குறைந்த தடை. ஊர் அதிகத் தடை. மேய்கிற விலங்குக்கோ புல் முளைக்காத பைன் தோப்பு வெறும் நடைதான். விடுதித் தோட்டத்தின் புல்தரையும் கோல்ஃப் மைதானமும் இரை. எலெக்ட்ரானுக்கு நினைவில்லை. யானைக்கும் மாட்டுக்கும் உண்டு. எந்த மாதத்தில் எந்தத் தோட்டத்தில் வாழை தார் விடும் என்பது கீழ்ப்பழனி மலையில் யானைகளின் வழியை நிர்ணயிக்கும். ஆண்டு முழுவதற்கும் ஒரே தடை மதிப்பைத் தரும் வரைபடத்தில் இது பதிவாகாது.

பேரிஜம் தாண்டி மூணாற்றுக்குப் போகும் சாலையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜப்பானியர் படையெடுத்தால் தப்பிச் செல்ல வேண்டும் என்று 1942-ல் சீரமைக்கப்பட்டது அது. படையும் வரவில்லை, தப்பி ஓடியவர்களும் இல்லை. 1990-ல் சாலை மூடப்பட்டது. மறுபடியும் திறக்கக் கோருகிறவர்கள் மிச்சமாகும் கிலோமீட்டரைச் சொல்கிறார்கள். மறுக்கிறவர்கள் காட்டைச் சொல்கிறார்கள். இரு தரப்பும் ஒரே கோட்டின் மேல் வெவ்வேறு பயணிகளை ஏற்றிப் பேசுகின்றன.

பயணியை மறந்து கோட்டை மட்டும் பார்க்கும் இந்தக் குறை மிகக் கடுமையான விளைவைத் தந்தது பாதரச விவகாரத்தில். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானி ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாகி, பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் வெளிப்பட்டதும் 2001 மார்ச்சில் மூடப்பட்டது. ஆலை நின்றது ஒரு முகட்டில். அதன் பின்சரிவில் விழும் மழைநீர் பாம்பாற்றுச் சோலைக்குள் இறங்கி, கும்பக்கரை அருவியாகி, வராக நதி வழியே வைகைக்குப் போகும். கொடை ஏரி முகட்டுக்கு மறுபக்கம். நீர்ப்பிரிமுகட்டை வைத்துப் பார்த்தால் ஏரிக்குக் கேடில்லை என்ற வாதம் பிழையற்றது, நீர் ஒன்றே பயணியாக இருந்தால்.

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவிக்கு முகடு ஒரு தடை இல்லை. ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வு மையத்தினர் இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. மரப்பட்டைகளில் படர்ந்த கற்பாசியையும் பாசியையும் சேகரித்தார்கள். இவற்றுக்கு மண்ணில் ஊன்றிய வேர் இல்லை. வேண்டியதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே அவற்றில் சேர்ந்த பாதரசம் பெரும்பாலும் காற்றுவழி வந்ததாகவே இருக்க முடியும். 2003-ல் அந்த முடிவு வெளியானது. 2006-ல் வெளியான அடுத்த ஆய்வில் ஏரிநீர், படிவு, மீன் எல்லாவற்றிலும் பாதரசம் இருந்தது. படிவில் கொடை ஏரியில் அதிகம், பேரிஜம் ஏரியில் அதைவிடக் குறைவு, கூக்கால் ஏரியில் இன்னும் குறைவு. ஏரிப் படிவில் ஒரு பகுதி நுண்ணுயிர்களால் மீத்தைல் பாதரசமாக மாறியிருந்தது. அந்த வடிவில் அது பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், அங்கிருந்து மனிதருக்கும் ஏறும். நீர் இறங்கும் வழி, ஆவி பரவும் வழி, உணவுச் சங்கிலியில் ஏறும் வழி என்று ஒரே பொருளுக்கு மூன்று. இவற்றில் நில வரைபடத்தில் கோடாக வரையக்கூடியது முதலாவது மட்டும்.

நாலாவதாக ஒன்றும் உண்டு. 2003-ல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் பென்சில்வேனியா சென்றது. வந்த நாட்டுக்கே திரும்பிய இந்தப் பயணத்துக்குச் சரக்குச் சீட்டு இருந்தது. மற்ற மூன்றுக்கும் இல்லை.

ஆலை வளாக மண்ணைத் தூய்மையாக்குவதற்கு ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்று வரம்பு வைத்ததில்தான் எனக்கு மாறுபாடு. மனிதர் குடியிருக்கும் மனையை மனத்தில் வைத்து வகுத்த எண் அது. மண்ணை மிதிக்கும் காலுக்கும் தூசியை உள்ளிழுக்கும் மூக்குக்கும் அது ஒருவேளை பொருந்தலாம். ஆனால் ஆலை இருப்பது சோலைக்கு மேலே, மழையில் அரிக்கப்படும் சரிவில். அங்கிருந்து புறப்படும் மண் துகள் கும்பக்கரை நோக்கித்தான் இறங்கும். வரம்பைப் பாம்பாற்றுப் படிவிலிருந்தும் அதில் வாழும் மீனிலிருந்தும் பின்னோக்கிக் கணித்திருந்தால், சரிவில் ஏறி ஆலை வாசலுக்கு வந்து சேரும்போது கிடைக்கும் எண் 20-ஐவிடச் சிறியதாகவே இருந்திருக்கும்.