ஐந்து வோல்ட்டில் ஒரு குரல்

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணி நேர மின்வெட்டு வந்தது ஞாபகம் இருக்கா? கற்பிட்டிப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அதில் ஒரு தனி வேடிக்கை இருந்தது. எங்கட வீதியில் போனால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்திலேயே தெரியும். 2011இல் முதல் அலகு, 2014இல் மற்ற ரெண்டும் ஓடத் தொடங்கின. மொத்தம் 900 மெகாவாட், நாட்டிலேயே பெரிய மின் நிலையம். அதன் நிழலில் இருந்துகொண்டு நாங்கள் மெழுகுதிரி கொளுத்தினோம்.

உம்மம்மாவுக்கு இருட்டு பெரிய பிரச்சினையா இருக்கல்ல. செய்தி கேட்க முடியாததுதான் பிரச்சினை. அவவுக்குக் காது மந்தம். போன் ஸ்பீக்கரின் கீச்சுக்குரல் விளங்காது. பழைய ரேடியோவின் பெட்டரிப் பெட்டியை உப்புக்காற்று எப்பவோ தின்று விட்டது. "என்ன புள்ள சொல்றாங்க? என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பா.

கடைசியில் அந்த ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்தேன். மேசை லாச்சியில் கிடந்த, ரெண்டு விரல் நகம் அளவான ஒரு அம்ப்ளிஃபயர் போர்டில் அதைப் பொருத்தினேன். போர்டின் மேல் இருக்கிற சிப்பின் பெயர் பிஏஎம் 8403. மூன்று நாலு வயர், ஒரு லித்தியம் செல், அவ்வளவுதான். உம்மம்மா செய்தி கேட்டா. எனக்குத்தான் ஒரு கேள்வி மிஞ்சியது: இந்த வேலைக்கு இவ்வளவு குறைந்த மின்சாரம் எப்போதிலிருந்து போதுமானது?

அம்ப்ளிஃபயர் என்றால் சத்தத்தின் வரலாறு என்று நினைப்போம். எனக்கு அது மின்சாரத்தின் வரலாறாகத்தான் தெரியுது. ஒரு குரலைப் பெரிதாக்க எவ்வளவு மின்சாரம் வேணும், அது யாரிடம் இருந்தது என்கிற கதை.

இலங்கை வானொலியே பழைய சாமான் பொறுக்கிச் செய்த ஒன்றுதான். தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்பர், முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ உதிரிப்பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பியைக் கட்டினார். 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார்கள். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

ஆனால் அந்தக் காலத்து ரேடியோவுக்குள் இருந்தவை வால்வுகள். கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு இழையைச் சூடாக்கினால்தான் வால்வு வேலை செய்யும். அதுக்கு மேல் உயர் வோல்ட் மின்சாரமும் வேணும். சுவரில் கரண்ட் இல்லாத வீடுகள் 90 வோல்ட் போன்ற பெரிய பெட்டரிக் கட்டை வாங்க வேண்டியிருந்தது. கரண்ட் வராத கரையோரக் கிராமத்தில் குரல் கேட்பது பணக்காரர் விசயம்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954இல் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. சூடாக்க இழை இல்லை, உயர் வோல்ட் இல்லை. பிறகு வந்த ரேடியோக்களுக்கு டோர்ச் பெட்டரியே போதும் என்றாச்சு.

அதன் பெறுமதி எங்கட கரைக்கு 1990இல்தான் சரியாக விளங்கியது. அந்த வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். புத்தளம் மாவட்டம் முழுக்கக் கிடுகுக் கொட்டில் முகாம்கள் எழுந்தன. உம்மம்மாவும் அப்படி வந்தவதான். கொட்டிலில் கரண்ட் இல்லை. நாலைந்து குடும்பத்துக்கு ஒரு ரேடியோ. பெட்டரி இறங்கினால் வெயிலில் காய வைத்து, இன்னும் ஒரு நாள் இழுப்பார்களாம். "பாட்டெல்லாம் போட மாட்டோம், செய்திக்கு மட்டும்தான்" என்று உம்மம்மா சொல்லுவா. ஊரில் என்ன நடக்குது, திரும்பிப் போகலாமா என்பதை அந்தப் பெட்டரியின் மிச்ச உயிர்தான் சொல்ல வேணும்.

அதே வருடங்களில் நீரேரிக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் கதை இதுதான். பொருளாதாரத் தடையில் பெட்டரி போகாது. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோ கேட்டது. சைக்கிள் டைனமோ தருவது பொதுவாக 6 வோல்ட், 3 வாட். கரையின் ரெண்டு பக்கமும் துரத்தப்பட்டவர்களும் முற்றுகைக்குள் இருந்தவர்களும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள்: இன்னும் எத்தனை நிமிசம் கேட்கலாம்?

இந்தக் கணக்கை மாற்றியது ஒரு பழைய யோசனை. வழக்கமான அம்ப்ளிஃபயர், அரைவாசி திறந்த பைப் மாதிரி. தேவைக்கு மேலான சக்தியைச் சூடாக வீணாக்கும். மெதுவாகப் பாட விட்டால் இழுக்கிற மின்சாரத்தில் கால்வாசி கூட ஸ்பீக்கருக்குப் போய்ச் சேராது. 'கிளாஸ் டி' என்ற வகை, சுவிட்சு மாதிரி. ஒன்று முழுக்கத் திறக்கும், இல்லாட்டி முழுக்க மூடும். திறந்திருக்கிற நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஒலியின் வடிவத்தை உண்டாக்கும். பாதியில் நிற்காததால் சூடும் குறைவு, நட்டமும் குறைவு.

இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேயரின் கம்பனி 1964இலேயே 'எக்ஸ்-10' என்ற பெயரில் இதை வீட்டில் பொருத்திக்கொள்ளும் கிட்டாக விற்றது. விளம்பரத்தில் 10 வாட். கையில் கிடைத்தது அதில் கால்வாசி அளவுதான். அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்கு அவ்வளவு வேகமாகத் திறந்து மூட முடியல்ல. பக்கத்து ரேடியோவுக்கும் இரைச்சல். யோசனை சரி, பொருள் தயாராக இல்லை. வேகமான மொஸ்ஃபெட்டுகள் மலிவாகி, மடிக்கணினியும் போனும் பெட்டரியை மிச்சம் பிடிக்கத் துடித்தபோதுதான் அந்த யோசனைக்குக் காலம் வந்தது. எங்கட லாச்சியில் கிடந்த சிப்பும் அப்படியான சாதனங்களுக்காகச் செய்ததுதான். விநாடிக்கு ரெண்டரை லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூடும். 2.5 முதல் 5.5 வோல்ட் வரை தாங்கும்.

இப்ப கணக்கைத் திரும்பப் போடுவோம். 3.7 வோல்ட், 2000 மில்லி அம்பியர்-மணி புது செல் ஒன்றில் இருப்பது 7.4 வாட்-மணி. ஒரு அறையில் செய்தி கேட்க அரை வாட் தாராளம். போர்டின் நட்டத்தையும் சேர்த்து 0.65 வாட் என்று வைத்தாலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஓடும். வெயிலில் பெட்டரி காய வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டிப் பாருங்க.

நீங்களும் செய்து பார்க்கப் போறீங்களென்றால் சில விசயம். பெட்டியில் '3 வாட்' என்று போட்டிருக்கும். ஒலி நன்றாகச் சிதைந்த நிலையில் அளந்த கணக்கு அது. சின்கிளேயர் காலத்து வாட் விளையாட்டு இன்னும் முடியல்ல. ஸ்பீக்கர் 4 அல்லது 8 ஓம் இருக்கட்டும். ரெண்டு ஸ்பீக்கரின் கழித்தல் வயர்களையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, தரை வயரோடும் தொட விடக் கூடாது. இந்தச் சிப்பில் ரெண்டு முனையுமே உயிருள்ளவை. தொட்டால் சிப் போயிடும். 12 வோல்ட் கார் பெட்டரியை நேராகக் கொடுத்தாலும் அதே கதி. லித்தியம் செல் என்றால் பாதுகாப்புச் சேர்கிட்டோடு வருகிற சார்ஜர் போர்டும் கட்டாயம். சில பவர் பேங்க், இழுக்கிற கரண்ட் குறைந்தால் தானாக நின்றுவிடும். போர்டு பழுது என்று பயப்பட வேணாம். எங்களைப் போலக் கடலோரமா இருந்தால் சோல்டர் பண்ணின இடங்களை மூடி வையுங்க. உப்புக்காற்று பொறுமையாகத் தின்னும்.

அந்த இரவு செய்தி முடிந்ததும் நான் வயரைக் கழற்றப் போனேன். உம்மம்மா கையைப் பிடித்தா.

"பெட்டரி இருக்கா?"

"விடியும் வரைக்கும் இருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தா.

"அப்ப ஒரு பாட்டுப் போடு."