கீழ்நிலை ஆட்சியாளர் கோட்பாடு

மன்னன் கொடுங்கோலனாக மாறினால், அவனுக்கு அடுத்த நிலையில் உள்ள பிரபுக்களும் நகர மன்றங்களும் அவனை எதிர்க்கக் கடமைப்பட்டவர்கள் என்று கூறும் 16-ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்டு அரசியல் கொள்கை இது.

மார்ட்டின் லூதர் தொடக்கத்தில் உரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி, ஆள்வோருக்கு அடங்கியிருக்கவே போதித்தார். புனித உரோமைப் பேரரசர் எல்லை மீறினால் எதிர்க்கலாம் என்று பேரரசின் சட்டமே சொல்கிறது எனச் சட்ட அறிஞர்கள் 1530-இல் டோர்காவில் வாதிட்ட பிறகுதான் அவர் இணங்கினார். அடுத்த ஆண்டு புராட்டஸ்டண்டு ஆட்சியாளர்களும் நகரங்களும் சேர்ந்து உருவாக்கிய ஷ்மால்கல்டன் கூட்டணியைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1547-இல் மூல்பர்க் போரில் முறியடித்தார்.

அவர் விதித்த சமய ஏற்பாட்டுக்கு மாக்டபர்க் நகரம் பணியவில்லை. நிக்கோலாஸ் வான் ஆம்ஸ்டார்ஃப் முதலிய ஒன்பது போதகர்கள் 1550 ஏப்ரலில் கையொப்பமிட்ட அறிக்கையே இக்கோட்பாட்டுக்கு முதல் தெளிவான வடிவம் தந்தது. ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகையை அந்நகரம் தாக்குப்பிடித்தது.

ஜெனீவாவின் சமயச் சீர்திருத்தவாதி கால்வின், தனிமனிதர் எவரும் அரசனை எதிர்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். ஆனால் பண்டைய ஸ்பார்ட்டாவின் எஃபோர்களைப் போல, மன்னனைக் கட்டுப்படுத்தவே ஏற்பட்ட பதவிகளுக்கு விலக்கு அளித்தார். அந்தச் சிறு விலக்கு பெருங்கோட்பாடாக வளரக் காரணம், 1572 ஆகஸ்டில் பாரிஸில் தொடங்கிய புனித பர்த்தலமேயு படுகொலை. பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளான ஹூகனாட்டுகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களின் தலைவரான பிரபு கோலினியும் கொல்லப்பட்டார்.

ஜெனீவாவில் கால்வினுக்குப் பின் தலைமையேற்ற தியோடோர் பெசா, ஆட்சியாளர்களின் உரிமை குறித்த தம் நூலைப் பெயர் குறிப்பிடாமல் 1574-இல் வெளியிட்டார். அதன் ஆழமான வாதம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பிரபுக்களின் பதவி அரசன் என்ற ஆளிடமிருந்து வருவதன்று, அரசுரிமையிலிருந்தே வருவது. அதனால்தான் அரசன் இறந்தாலும் அப்பதவி நிலைக்கிறது. எனவே அவர்கள் அரசனின் ஏவலர் அல்லர், நாட்டின் அதிகாரிகள். நிலத்தையும் பரம்பரையையும் மட்டுமே நம்பியிருந்த பிரபுத்துவத்துக்கு இது ஓர் அரசியல் உரிமையை வழங்கியது. குடியானவர்களுக்கு அந்த உரிமை கிட்டவில்லை. அவர்கள் செபிக்கலாம், அல்லது நாட்டைவிட்டு வெளியேறலாம்.

நெதர்லாந்தின் மாநில மன்றங்கள் 1581-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் ஆட்சியுரிமையை மறுத்தபோது, இதே வகை வாதங்களைக் கையாண்டன. பிரான்சிலோ 1584-இல் புராட்டஸ்டண்டான நவார் ஹென்றி அரியணைக்கு வாரிசானதும், ஹூகனாட்டுகள் அரசுரிமையை ஆதரிக்கத் தொடங்கினர். கொடுங்கோலனை எதிர்க்கும் வாதங்களைக் கத்தோலிக்கக் கூட்டணி எடுத்துக்கொண்டது.