கல்வி ஆலோசகர் முறை (அமெரிக்கக் கலாசாலைகள்)

கல்வி ஆலோசகர் முறை என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலாசாலைகளிலும் சர்வகலாசாலைகளிலும் பயிலும் மாணாக்கர் எந்தப் பாடங்களை எந்த வரிசையில் பயில்வது, எத்துறையைப் பிரதானமாகக் கொள்வது, பட்டத்துக்குரிய நிபந்தனைகளில் நிறைவேறியவை எவை, எஞ்சியவை எவை என்பவற்றை அவருடன் அமர்ந்து ஆராய்ந்து சொல்வதற்காக ஓர் ஆசிரியரையோ அலுவலரையோ நியமிக்கும் ஏற்பாடாகும். பாடத்திட்டம் முழுவதையும் நிர்வாகமே வகுத்துவிடும் இடங்களில் இப்பதவிக்கு வேலை குறைவு. தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மாணாக்கருக்கு எவ்வளவு விரிந்ததோ அவ்வளவுக்கு ஆலோசகரின் தேவையும் வளர்ந்தது என்பதே இம்முறையின் சரித்திரம்.

1636இல் நிறுவப்பட்ட ஹார்வர்டிலும், அதன் அடிச்சுவட்டில் எழுந்த குடியேற்றக் காலத்துக் கலாசாலைகளிலும், தேர்வு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. லத்தீன், கிரேக்கம், தர்க்கம், அணியியல், கணிதம், தத்துவம் ஆகியவை எல்லார்க்கும் பொதுவாக விதிக்கப்பட்டிருந்தன. ஒரு வகுப்பினர் அனைவரும் ஒரே டியூட்டரிடம் பாடங்கேட்டனர். அவர் மாணாக்கரோடு ஒரே கட்டடத்தில் வசித்து, பிரார்த்தனைக்கு வந்தனரா, இரவில் அறையில் இருந்தனரா என்று கண்காணித்து, தவறியவர்க்கு அபராதம் விதித்து, பெற்றோரின் ஸ்தானத்தில் நின்றார். அவர் ஒழுக்கத்தின் காவலரேயன்றி ஆலோசகர் அல்லர். 1825இல் வகுப்புகளைத் தொடங்கிய விர்ஜீனியா சர்வகலாசாலை, தாமஸ் ஜெபர்சனின் கொள்கைப்படி, மாணாக்கர் தம் துறையைத் தாமே தெரிந்துகொள்ள இடமளித்தது. ஆனால் பழைய பாடத்திட்டமே மனத்தைப் பண்படுத்தும் என்று வாதாடி 1828இல் யேல் ஆசிரியர்கள் வெளியிட்ட அறிக்கை பல்லாண்டுகள் செல்வாக்குடன் விளங்கியமையால், அந்தச் சுதந்திரம் விரைவில் பரவவில்லை.

இம்முறை தோன்றிய இடம் என்ற பெருமை ஒஹாயோ மாநிலத்துக் காம்பியர் என்னும் சிற்றூரிலுள்ள கென்யன் கலாசாலைக்கே உரியது. ஒவ்வொரு மாணாக்கரும் ஆசிரியருள் ஒருவரைத் தமக்கு ஆலோசகராகவும் நண்பராகவும் கொள்ள வேண்டும் என்ற வழக்கம் அங்கே 1841இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அங்கே பயின்றவரும், பின்னர் அந்நாட்டின் 19ஆவது குடியரசுத் தலைவரானவருமான ரதர்போர்டு ஹேய்ஸ் தம் அன்னைக்கு எழுதிய கடிதத்தில் இதனைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆசிரியரைத் தெரிந்துகொண்டவர் மாணாக்கரே என்பது இங்கே சிறப்பாகக் கருதத்தக்கது. பிற்காலத்தில் பெயர்ப்பட்டியலைப் பார்த்து அலுவலகம் ஆலோசகரை ஒதுக்கும் வழக்கம் வந்தபோது இந்த உரிமை பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

பெருமாறுதல் ஹார்வர்டில் நிகழ்ந்தது. 1869இல் தம் முப்பத்தைந்தாம் வயதில் அதன் தலைவரான சார்லஸ் எலியட், ரசாயனம் பயின்றவர். நாற்பது ஆண்டுகள் அப்பதவியிலிருந்து, கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கி, விருப்பப்பாட முறையை நிலைநாட்டினார். அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில், முதலாண்டில் பயிலும் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்றைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் கட்டாயமாக எஞ்சவில்லை. பதினெட்டு வயது இளைஞர் நூற்றுக்கணக்கான பாடங்களுக்கு நடுவே தனியே விடப்பட்டபோது, எளிதென்று பெயர்பெற்றவற்றையும் காலையில் நெடுநேரம் உறங்க வசதியான நேரத்தில் நடப்பவற்றையும் நாடியதில் வியப்பில்லை. பால்டிமோரில் 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் முதல் தலைவர் டேனியல் கில்மன் இதற்கு நல்லதொரு மார்க்கங் கண்டார்: தொடர்புடைய பாடங்களைத் தொகுதிகளாக இணைத்து, தொகுதியைத் தெரிந்துகொள்ளும் உரிமையை மாணாக்கருக்கு அளித்து, அவர்களுக்குத் துணையாக ஆசிரிய ஆலோசகரையும் அமர்த்தினார். ஹார்வர்டும் 1889இல் முதலாண்டு மாணாக்கருக்கென ஆலோசகர் குழுவொன்றை நியமித்தது. 1909இல் எலியட்டுக்குப்பின் வந்த லாரன்ஸ் லோவல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரப்பும் வேண்டுமென்று விதித்துச் சுதந்திரத்துக்கு அளவு வகுத்தார். இன்றைய பட்டத்திட்டங்கள் பெரும்பாலும் அந்த வடிவின் வழிவந்தவையே.

இவ்வாலோசனை ஒரு சாஸ்திரமாக உருப்பெற்றது 1972இல் எனலாம். அவ்வாண்டில் கல்வியாளர் பர்ன்ஸ் க்ரூக்ஸ்டன், ஆலோசனையும் போதனையின் ஒரு வகையே என்று நிறுவினார். மற்றொரு கல்வியாளரான டெர்ரி ஓபானியன் ஆலோசனைக்கு ஐந்து படிகளை வகுத்தார். வாழ்க்கையில் நாடுவது யாது என்று ஆராய்தல், தொழில் நோக்கத்தை ஆராய்தல், பட்டத்துறையைத் தெரிதல், பாடங்களைத் தெரிதல், இறுதியாகக் கால அட்டவணையை அமைத்தல் என்பன அவை. ஆலோசகர்களின் தேசிய சங்கம் 1979இல் அமைந்தது.

ஓபானியனின் வரிசையை அறிந்தவர்க்கு, மாணாக்கர் இம்முறையால் முழுப்பயன் பெறாமைக்குக் காரணம் எளிதில் விளங்கும். பெரும்பாலோர் ஐந்தாம் படியில் வந்து நிற்கின்றனர். பதிவு வாரத்தில், வாசலில் பலர் காத்திருக்க, ஒதுக்கப்பட்ட அரைமணி நேரத்தில், “செவ்வாய்க்கிழமை காலையில் எந்த வகுப்பு காலியாக இருக்கிறது?” என்று கேட்டால் அதற்குரிய விடைதான் கிடைக்கும், அந்த விடையைக் கணினியும் தரும். பாடவிவரக் கையேட்டைத் தாமே வாசித்து, இரண்டு பருவங்களுக்குரிய உத்தேசப் பட்டியலொன்றைக் கையில் எழுதிக்கொண்டு, நெருக்கடியற்ற காலத்தில், பருவத்தின் மூன்றாம் நான்காம் வாரத்திலேயே சென்று, “இத்துறையில் எனக்கு நாட்டம் குறைகிறது, என்ன செய்யலாம்?” என்று கேட்பவரிடமே ஆலோசகரின் அநுபவம் வெளிப்படுகிறது. முடிவு செய்பவர் மாணாக்கரே; ஆலோசகர் அம்முடிவின் விளைவுகளை முன்கூட்டிக் காட்டுபவர்.

விளைவு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். எஞ்சினீயரிங் மாணாக்கர் ஒருவர் கடினமென்று அஞ்சி முதற்பருவத்தில் கால்குலஸின் முதற்பகுதியைத் தள்ளிப்போட்டால், இரண்டாம் பகுதி தள்ளிப்போகும். அதனை முன்தேவையாகக் கொண்ட வகைக்கெழுச் சமன்பாடுகள் மேலும் நழுவும். அதற்கடுத்த துறைப்பாடம் இலையுதிர்காலப் பருவத்தில் மட்டுமே நடைபெறுவதாயின் ஓராண்டே கழிந்துவிடும். கிரெடிட் கணக்கிலும் இத்தகைய பொறி உண்டு. நான்காண்டுப் பட்டத்துக்குச் செமஸ்டர் முறையில் பொதுவாக 120 கிரெடிட்டுகள் தேவை. 12 கிரெடிட்டுகள் எடுத்தாலே முழுநேர மாணாக்கர் என்ற தகுதி கிடைப்பதால், அத்துடன் நிற்பவர் எட்டுப் பருவ முடிவில் 96 மட்டுமே சேர்த்திருப்பார். பருவத்துக்கு 15 வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டறிந்து கொள்வது நலம். பேசி முடித்தவற்றை அன்றே மின்னஞ்சலில் எழுதி ஆலோசகருக்கு அனுப்பிவைத்தல், பின்னர் அவர் பதவி மாறிச் செல்லும்போது பெரும் பாதுகாப்பாகும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மாணாக்கர் சிறப்பாகக் கருத வேண்டியவை இரண்டு. எப்1 விசாவில் பயிலும் இளங்கலை மாணாக்கர், பாடமொன்றைக் கைவிட்டு 12 கிரெடிட்டுகளுக்குக் கீழே இறங்குவதாயின், கல்வி ஆலோசகரின் இசைவு மட்டும் போதாது. அயல்நாட்டு மாணாக்கருக்குரிய அதிகாரியின் அனுமதியை முன்னதாகவே பெற்றிருத்தல் அவசியம். தவறினால் விசாத் தகுதியே கெடும். அன்றியும், 1974இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கலாசாலையில் சேர்ந்தவரின் மதிப்பெண் பதிவுகள் அவருக்கே உரியவையாதலால், ஊரிலிருந்து தந்தையார் கேட்டாலும், மாணாக்கரின் எழுத்து மூலமான சம்மதமின்றி ஆலோசகர் பொதுவாக அவற்றைத் தெரிவிப்பதில்லை. நம் குடும்பங்களில் இது மனவருத்தத்துக்கு இடந்தருமாயினும், மாணாக்கர் தம் இடர்ப்பாட்டை ஒளிவுமறைவின்றிப் பேசுவதற்கு இந்தக் காப்பே துணையாகிறது. தேர்வில் தோற்ற செய்தியை முதலில் கேட்க வேண்டியவர் ஆலோசகரே, ஏனெனில் பாடத்தைத் திரும்ப எடுப்பதற்கும் விலகுவதற்கும் உரிய கெடு நாட்கள் அவருக்கு நன்கு தெரியும்.

தற்காலத்தில் பெரிய சர்வகலாசாலைகள் பலவற்றில் ஆசிரியருக்குப் பதிலாகச் சம்பளம் பெறும் முழுநேர ஆலோசகரே இப்பணியைச் செய்கின்றனர். எஞ்சிய நிபந்தனைகளைக் கணினியே கணக்கிட்டுக் காட்டுகிறது. சிறு கலாசாலைகள் ஆசிரியரையே ஆலோசகராகக் கொள்ளும் பழைய சிறந்த மரபைப் பெரும்பாலும் காத்துவருகின்றன.