ப்ரோ, பாய், பால்

ஆழ்வார்பேட்டையில் ஆட்டோ ஓட்டுபவர் முதல் சாப்பாடு கொண்டுவரும் பையன் வரை எல்லோருக்கும் நான் இப்போது ‘ப்ரோ’. தலை நரைத்ததற்காகச் சலுகை ஏதும் இல்லை. ஆங்கில ‘பிரதர்’ சுருங்கி வந்த சொல் இது. ஆனால் இதன் உறவுக்காரர் ஒருவர் நம்மூரில் எப்போதோ குடியேறிவிட்டார்: பிரியாணிக்கடை ‘பாய்’. சமஸ்கிருத ‘ப்ராத்ரு’ தேய்ந்து இந்தியில் ‘பாய்’ ஆனது; அங்கே எந்தச் சகோதரனுக்கும் பொது, இங்கேயோ முஸ்லிம் ஆண்களை விளிக்கும் சொல்லாகக் குறுகிவிட்டது. மூன்றாமவர் இன்னும் சுவாரசியம். இந்தியாவிலிருந்து மேற்கே போன ரோமானி நாடோடிகள் சகோதரனை ‘ப்ரல்’ என்றார்கள். அவர்கள் மொழி இந்திய மொழிகளோடு உறவுடையது என்று 1782இல் ரூடிகர் என்ற ஜெர்மானியர் எழுதினார். அந்த ‘ப்ரல்’தான் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே ‘பால்’ ஆகி, நண்பனைக் குறிக்கலாயிற்று. (தமிழில் எழுதினால் டீக்கடைப் பால்தான் நினைவுக்கு வருகிறது.) ரத்த உறவு நட்பாக நீர்த்த அதே கதைதான் ‘ப்ரோ’வுக்கும். தமிழில் மாற்று உண்டா? ‘அண்ணே’, ‘தம்பி’ என்றால் வயதைக் கணிக்க வேண்டும். ‘மச்சான்’ முன்பின் தெரியாதவரிடம் செல்லாது. ‘பங்காளி’யில் சொத்துத் தகராறு வாடை. ‘நண்பா’ ஒன்றுதான் தேறுகிறது. அதையும் கட்டணம் பேசும்போது சொல்லிப் பார்த்தேன். ஆட்டோக்காரர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.