கூடு கட்டுமுன் வெந்த புழு

தென்கொரியாவில் ஞாபக சக்திக்கு நல்லதென்று விற்கப்படும் ஹோங்ஜாம், முழுப் பட்டுப்புழுவை வேகவைத்து உலர்த்தி அரைத்த பொடி. அதன் கதை, பட்டுக்கு மவுசு போன இடத்தில் தொடங்குகிறது.

1970களில் கொரியாவின் முக்கிய ஏற்றுமதிகளில் பட்டும் ஒன்று. செயற்கை இழையும் சீனத்து மலிவுப் பட்டும் போட்டிக்கு வந்தபின் அந்தத் தொழில் சரிந்தது. மிஞ்சிய விவசாயிகளுக்கு ஒரு வழி தேடிய அரசு வேளாண் ஆய்வாளர்கள், நூலை விட்டுவிட்டுப் புழுவைப் பார்த்தார்கள். புழுவைத் தின்பதற்கு அங்கே பெரிதாக முகம் சுளிக்க மாட்டார்கள். நூலெடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவை வேகவைத்து 'பொந்தேகி' என்று தெருவில் விற்பது பழகிய ஒன்றுதான்.

1990களில் முதல் பொடி வந்தது, சர்க்கரை நோயாளிகளுக்காக. முசுக்கொட்டை இலையிலிருந்து புழுவின் உடலில் சேரும் டிஎன்ஜே என்ற பொருள், மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்தும். ஐந்தாம் வளர்ச்சிப் பருவத்தின் மூன்றாம் நாளில் இருக்கும் புழுவே அந்தப் பொடிக்குத் தோது. இன்னும் சில நாள் விட்டால் பட்டுச் சுரப்பி பெருத்துவிடும். அந்தப் புழுவை உலர்த்தினால் உள்ளிருக்கும் பட்டு இறுகிப்போய் அரைபடாது. ஆனால் பட்டுப் புரதம் நிறைந்திருப்பதும் அப்போதுதான்.

இந்தச் சிக்கலை ஆவியில் அவிக்கும் சமையல் முறை தீர்த்தது. தீனியை நிறுத்தி, உடல் மஞ்சளாகத் தெளிந்து, கூடு கட்டத் தயாராக நிற்கும் புழுவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவித்தார்கள். பிறகு உறையவைத்து ஈரத்தை நீக்கியதும் எளிதில் பொடிந்தது. கிளைசின், அலனின், செரின் மிகுந்த பட்டுப் புரதம் அப்படியே உணவானது.

மூளைக்கு நல்லதென்ற பெயர் பிறகு வந்தது. ஹல்லிம் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பொடியைப் பழ ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பார்க்கின்சன் நோய்க்கு மாதிரியாக வளர்க்கப்பட்ட ஈக்கள் அதைத் தின்று தாக்குப்பிடித்ததாக 2016இல் கட்டுரை வெளியானது. எலிச் சோதனைகளில் நினைவுத்திறன் கூடியது தெரிந்தது.

ஆக, இதுவரை பலமாகச் சாட்சி சொன்னவை ஈயும் எலியும்தான். மறதி நோய்க்கு மருந்தென்று இதை நம்பி வாங்க அது போதாது. இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்குப் பட்டுப்புழுவும் ஒவ்வாமல் போகலாம். ஐயத்துக்கு இடமின்றிப் பலன் கண்டவர் விவசாயி: கூடு விலைபோகாத ஊரில் அவருடைய புழு விலைபோகிறது.