சாம்போ என்னும் ஏவல்

‘ஷாம்பூ’ என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் 1762ஆம் ஆண்டிலிருந்தே சான்று உண்டு. அக்காலத்தில் அச்சொல்லுக்குக் கூந்தலோடும் நுரையோடும் எத்தொடர்பும் இல்லை. உடம்பை அமுக்கி, பிசைந்து, நீவிவிடுவதையே அது குறித்தது. இந்துஸ்தானியில் ‘சாம்ப்னா’ என்றால் அமுக்குதல். ‘சாம்போ’ என்றால் ‘அமுக்கு’. இதிலிருந்தே ஆங்கிலச் சொல் பிறந்தது என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிபு.

இம்முடிபைப் படிப்போர் எளிதில் கடந்துவிடக்கூடிய நுட்பம் ஒன்று இதில் உள்ளது. ஆங்கிலம் கடன் பெற்றது தொழிற்பெயரை அன்று, ஏவல் வடிவத்தை. யூலும் பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ சொற்களஞ்சியம் 1886இல் வெளிவந்தது. (தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்த பர்னல் அதற்கு முன்பே, 1882இல், மறைந்துவிட்டார்.) அந்நூல் இதை ஒரு தனிச்சொல்லின் விந்தையாகக் கருதவில்லை. செய் என்னும் பொருளுடைய ‘பனாவோ’, பிடி என்னும் பொருளுடைய ‘பக்ராவோ’, விளக்கிச் சொல் என்னும் பொருளுடைய ‘சம்ஜாவோ’ என ஏவல் வடிவங்களையே வினையடிகளாகக் கொண்டு பேசும் பழக்கம் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரிடம் பரவலாக இருந்ததை அது எடுத்துக்காட்டுகிறது. காரணம் வெளிப்படை. அவ்வினைகளை அவர்கள் பயன்படுத்திய சூழல்களுள் பெரும்பாலானவை பணியாளரிடம் கட்டளையிடும் சூழல்கள். தமிழில் ‘ஏவல்’ என்பது இலக்கணக் கலைச்சொல். ‘குற்றேவல்’ என்னும் வழக்கில் அதுவே பணிவிடை. ‘ஷாம்பூ’வின் பிறப்புக்கு இவ்விரண்டு பொருளும் பொருந்தும். யார் யாரை நோக்கிச் சொன்னார் என்பதையும் அச்சொல் தன் வடிவத்திலேயே சுமந்து சென்றது.

ஆயுர்வேத நூல்களில் இந்த உறவு கண்ணுக்குத் தெரிவதில்லை. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம், ஐந்தாம் அத்தியாயத்தில், எண்ணெய் பட்ட குடத்தையும் தோலையும் வண்டி அச்சையும் உவமை காட்டி, எண்ணெய் தேய்ப்பதால் உடம்பு உறுதிபெறும் என்கிறது. சுஸ்ருத சம்ஹிதையின் சிகிச்சாஸ்தானம், 24ஆம் அத்தியாயம், எண்ணெய் தேய்த்தலாகிய அப்யங்கம், பொடி தேய்த்தலாகிய உத்வர்த்தனம், அமுக்கிவிடுதலாகிய சம்வாகனம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துப் பயன் கூறுகிறது. சம்வாகனம் களைப்பை நீக்கும். நல்ல உறக்கம் தரும். தேய்க்கப்படும் உடம்பே இப்பகுதிகளின் பேசுபொருள். தேய்க்கும் கை யாருடையது, அதற்கு என்ன கூலி என்பன மருத்துவ நூலுக்கு வேண்டாதவை.

அந்தக் கைக்குரியவர் வாய்திறப்பது நாடகத்தில்தான். சூத்ரகரின் ‘மிருச்சகடிக’த்தில் வரும் சம்வாஹகருக்குத் தனிப்பெயர்கூடக் கிடையாது, தொழிலே பெயர். பாடலிபுத்திரத்தில் நல்ல குடும்பத்தில் பிறந்தவர். உஜ்ஜயினிக்கு வந்து சாருதத்தனிடம் பணிசெய்கிறார். ஆண்டவன் வறுமையுற்றபின் சூதாடத் தொடங்கிப் பத்துப் பொன் தோற்று, கடன்காரர் துரத்த வசந்தசேனையின் வீட்டில் அடைக்கலம் புகுகிறார். தன் தொழிலைப் பற்றி அவர் அங்கே கூறுவது, உடம்பு பிடித்துவிடுதலைக் கலையாகக் கற்றதாகவும் இப்போது அது பிழைப்பாகிவிட்டதாகவும்தான். இந்திய இலக்கியத்தில் இத்தொழிலாளரின் குரல் இவ்வளவு தெளிவாக ஒலிக்கும் இடங்கள் குறைவு. அவர் பேசுவதும் சமஸ்கிருதம் அன்று, பிராகிருதம்.

பாடலிபுத்திரமே இன்றைய பாட்னா. அதே ஊரில் 1759இல் பிறந்தவர் ஷேக் தீன் முகமது. சிறுவனாயிருக்கும்போதே பேக்கர் என்னும் ஐரிய அதிகாரியைப் பின்தொடர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையோடு சேர்ந்துகொண்டார். 1784இல் அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்தார். அங்கே ஜேன் டேலி என்னும் பெண்ணை மணந்தார். 1794இல் தம் பயண நூலை வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் என்று போற்றப்படுவது அது. பின்னர் லண்டனில், சென்னையில் பெரும்பொருள் ஈட்டித் திரும்பிய பேசில் காக்ரன் போர்ட்மன் சதுக்கத்தில் நடத்திய ஆவிக்குளியல் நிலையத்தில் பணியாற்றினார். 1810இல் அவர் தொடங்கிய இந்துஸ்தானி காபி இல்லம் 1812க்குள் திவாலானது. 1814இல் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே அவர் வகுத்த முறை நோக்கத்தக்கது. நோயாளி முதலில் மூலிகை ஆவியில் வியர்ப்பார். அவரைச் சுற்றிக் கம்பளித் துணியாலான கூடாரம் போன்றதொரு மறைப்பு இருக்கும். அத்துணியில் தைத்த கைப்பைகளின் வழியே வெளியிலிருந்து கைகளை நுழைத்து, உள்ளிருப்பவரின் உடம்பைப் பிடித்துவிடுவார்கள். ஆங்கில உடம்பை இந்தியக் கை தொடும். ஆனால் கண்கள் சந்திக்கா. பெண்களுக்குரிய பிரிவை ஜேன் கவனித்துக்கொண்டார். முடக்குவாதம், சுளுக்கு, மூட்டு இறுக்கம், ஆஸ்துமா, பக்கவாதம் எனப் பலவகை நோயாளிகள் வந்தனர். குணமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அங்கே வெற்றிச் சின்னங்களாகத் தொங்கின. அவர் நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ என நியமனம் பெற்றார். ஏவலாகக் கேட்கப்பட்ட சொல் இங்கே பட்டமாகிவிட்டது.

அந்த ஏற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. 1822இல் அவர் வெளியிட்ட ‘ஷாம்பூயிங்’ என்னும் நூலின்படி, அவர் அறுவை மருத்துவம் பயின்று, அத்தகுதியோடு படையில் சேர்ந்தவர். 1794ஆம் ஆண்டு நூலில் வரும் சிறுவனுக்கு அப்படியொரு படிப்புக்குக் காலமே இல்லை. எனவே பிறந்த ஆண்டு பத்தாண்டு பின்னே தள்ளப்பட்டு 1749 ஆயிற்று. இம்முரணை விரிவாக ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியர் மைக்கேல் ஃபிஷர். இதைப் பொய் என்று கூறி முடித்துக்கொள்வது எளிது; பொய்தான். ஆயினும் கைத்திறன் மட்டுமே உடைய ஒருவருக்குப் பிரைட்டனில் என்ன பெயர் கிடைத்திருக்கும் என்றும் கேட்க வேண்டும். முதலில் தமக்குக் கிடைத்தது ஏளனம் என்று அந்நூலிலேயே அவர் பதிவுசெய்கிறார். வட இந்திய ஊர்களில் உடம்பு பிடித்துவிடுபவர் நாவிதர். பிள்ளைபெற்ற தாய்க்கும் சிசுவுக்கும் எண்ணெய் தேய்ப்பவர் நாவிதர் வீட்டுப் பெண். அவர்களை யாரும் மருத்துவர் என்று அழைத்ததில்லை.

அவருடைய சிகிச்சையால் உண்மையில் என்ன பயன் விளைந்திருக்கும்? நோயாளிகளின் நன்றிக் கடிதங்களைக் கொண்டு அளவிட இயலாது. குணமாகாதவர் கடிதம் எழுதியிருக்க மாட்டார். இன்றைய ஆய்வுகளும் எச்சரிக்கையோடுதான் பேசுகின்றன. இடுப்பு வலிக்கு உடம்பு பிடித்துவிடுதல் குறித்த 25 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டுக் காக்ரன் மதிப்பாய்வு, வலி சிறிது காலத்துக்குக் குறையலாம் என்றும் சான்றுகளின் தரம் தாழ்ந்தது என்றும் கூறுகிறது. (இந்தக் காக்ரன் வேறு, போர்ட்மன் சதுக்கத்தவர் அல்லர்.) இறுகிய தசை தளர்வதும் வலி சற்றுத் தணிவதும் நம்பத்தக்கவை. பக்கவாதமும் ஆஸ்துமாவும் தேய்த்தலால் தீர்ந்தன என்பதை அவ்வாறு ஏற்க முடியாது. சுஸ்ருதர் நூல் கூறும் களைப்பு நீக்கமும் உறக்கமும், பிரைட்டன் விளம்பரங்களைவிட அடக்கமான கோரிக்கைகள்.

தீன் முகமது 1851இல் இறந்தார். கல்லறையில் பொறித்த வயது 101; பட்டத்துக்காகக் கூட்டிய பத்தாண்டும் அதில் அடங்கும். பேரன் பிரெடெரிக் அக்பர் முகமது லண்டனின் கைஸ் மருத்துவமனையில் முறையாகப் பயின்று மருத்துவரானார். மணிக்கட்டில் நாடித்துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியைச் செப்பனிட்டு, உயர் இரத்த அழுத்த ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரானார். தாத்தா உரிமை கொண்டாடிய தகுதி மூன்றாம் தலைமுறையில் மெய்யாயிற்று. அதற்குள் கையின் இடத்தில் கருவி வந்துவிட்டது.

சொல்லும் இடம் மாறியது. 1860 அளவில் ‘ஷாம்பூ’ தலைமுடி கழுவுதலைக் குறிக்கத் தொடங்கியது. 1903இல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் அதைப் பொடியாக விற்றார். இருபதாம் நூற்றாண்டில் அச்சொல் புட்டிகளில் அடைபட்டு இந்தியாவுக்குத் திரும்பியது. பிறகு கடலூர்ச் சின்னி கிருஷ்ணனின் முயற்சியால் சிறு பொட்டலங்களிலும் வந்தது. பழைய பொருளோ ‘சம்பி’ என்னும் வடிவில் இந்தியிலேயே தங்கிவிட்டது. 1957இல் வெளியான ‘பியாசா’ திரைப்படத்தில் ஜானி வாக்கர் ஏற்ற அப்துல் சத்தார், எண்ணெயோடு கல்கத்தாவில் வாடிக்கையாளரைத் தேடித் திரிகிறார். அங்கே அச்சொல்லைக் கூவுபவர் எஜமானர் அல்லர், அவரே.